ஒன்றரை மில்லிமீட்டர்

ஒன்றரை மில்லிமீட்டர் எம்புட்டு இருக்கும் என்று கேட்டால் ஒரு கடுகைத்தான் எடுத்துக் காட்ட வேண்டும். ஜவுளிக்கடைக்காரர் அதை ஓர் அளவென்றே மதிக்க மாட்டார். கொத்தனாரிடம் சொன்னால் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார். ஆனால் கண்ணுக்குள்ளே அந்தக் கடுகளவு பிசகினால் வைக்கிற லென்ஸ் மூன்று பவர் தப்பிப் போகும். தப்பான லென்ஸை உள்ளே வைத்து முடித்த பிறகு ஐயோ என்றாலும் வராது, அம்மா என்றாலும் வராது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. விளாங்குடியைத் தாண்டித் திண்டுக்கல் ரோட்டில் இருக்கும் கண் ஆஸ்பத்திரி ஒன்றில், டாக்டர் கிருபாகரன் மேசைமேல் இரண்டு தாள்களை அடுத்தடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு பெண்களைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தியிருந்தார்.

ஒருத்தி எஸ்தர். பதினான்கு வருஷமாக ஏ-ஸ்கேன் என்கிற பழைய மெஷினில் கண்ணின் நீளத்தை அளக்கிறவள். பேனா மாதிரி ஒரு குச்சியின் நுனியைக் கருவிழியில் பட்டும் படாமலும் வைத்தால், அது சத்த அலையை உள்ளே அனுப்பி, பின்சுவரில் மோதித் திரும்புவதை வைத்து நீளம் சொல்லும். இன்னொருத்தி நாகஜோதி. திருப்பரங்குன்றத்திலிருந்து தினமும் ஸ்கூட்டியில் வருகிறவள். ஆறு மாதத்துக்கு முன்னால் வந்திறங்கிய புது மெஷின் அவள் பொறுப்பு. அது கண்ணைத் தொடவே தொடாது. முகத்தை நீட்டி நாடியைத் தாங்கியில் வைத்து உள்ளே எரியும் சிவப்பு விளக்கைப் பார்த்தால் போதும், ஒளியை அனுப்பியே அளந்துவிடும்.

கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால் அளவெடுக்க இந்த இரண்டில் எது சரி, எது எங்கே சறுக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். மொத்தம் நூற்றிருபது பேர். ஒவ்வொருவரையும் இரண்டு மெஷினிலும் அளக்க வேண்டும். ஒருத்தி எடுத்த அளவு இன்னொருத்திக்குத் தெரியக் கூடாது, தாளை மடித்து நேராக டாக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். தொண்ணூற்றாறு பேர் வரைக்கும் இரண்டு தாளுக்கும் மயிரிழை வித்தியாசம்தான். தொண்ணூற்றேழாவதாக வந்து சேர்ந்தவர் பேயாண்டி. இடது கண் ஆறு வருஷத்துக்கு முன்பே போய்விட்டது. இருப்பது வலது கண் ஒன்றுதான், அதிலும் புரை முற்றிக் கிடந்தது.

“புது மெஷினு இருபத்தெட்டு புள்ளி ஒண்ணுங்குது. ஏ-ஸ்கேன் இருபத்தொம்பது புள்ளி ஆறுங்குது” என்றார் டாக்டர். “ஒரே ஆளு, ஒரே கண்ணு, ஒரே நாளு. இதுல எது நெசம்?”

“நான் அழுத்தல சார்” என்றாள் எஸ்தர். “அழுத்தினா நீளம் கொறையும், அதிகமாகாது. அது உங்களுக்கே தெரியும்.”

“அழுத்தினேன்னு யாரு சொன்னா? அந்த ஆளு சின்ன வயசுலேர்ந்து சோடாபுட்டி கண்ணாடி. கண்ணு பின்னாடி பொடைச்சிருக்கு.”

டாக்டர் சொன்னது இதுதான். பழைய சைக்கிள் ட்யூப் ஓரிடத்தில் மட்டும் புடைத்துக்கொள்ளுமே, அந்த மாதிரி சிலருக்குக் கண்ணின் பின்சுவர் ஒரு பக்கமாகப் புடைத்துப் பள்ளம் விழுந்துவிடும். ஏ-ஸ்கேன் போய் அந்தப் பள்ளத்தின் அடியைத் தொட்டுவிட்டு வந்து, இதுதான் நீளம் என்று சாதிக்கும். பார்வை இருக்கிற இடமோ பள்ளத்தில் இல்லை, ஓரத்துச் சரிவில் இருக்கிறது. புது மெஷினில் அந்தக் குழப்பம் இல்லை. ஆள் விளக்கை உற்றுப் பார்த்தால் ஒளி நேராகப் பார்வை இருக்கிற இடத்துக்குத்தான் போகும்.

“அவரு லைட்டத்தானே பாத்தாரு, நாகஜோதி?”

“ஆமா சார்.”

யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. கேட்ட மாத்திரத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது.

“அப்ப இருபத்தெட்டு புள்ளி ஒண்ணு. அதுக்குத்தான் லென்ஸ் எடுக்கச் சொல்லப்போறேன்” என்று எஸ்தரின் தாளை மடித்து ஓரமாக வைத்தார். “எஸ்தர், வர்ற வாரத்துலேர்ந்து நீ கண் முகாமுக்குப் போயி பேரு பதியிற வேலையப் பாரு. ஒத்தக் கண்ணு ஆளுக்கு இம்புட்டு பெரிய தப்பு வந்தா அந்த மெஷின வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?”

எஸ்தரின் முகம் கறுத்துப்போனதை நாகஜோதி பார்த்தாள். புது மெஷின் ஜெயித்துவிட்டது என்று நெஞ்சின் ஓரத்தில் சின்னதாக ஒரு சந்தோஷமும் வந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது, வந்தது.

தன் அறைக்குத் திரும்பியபோது வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். முதல் ஆளை உட்காரவைத்து, நாடியைப் பிடித்துத் தாங்கியில் பொருத்தி, நாகஜோதி வழக்கம்போலக் கேட்டாள்.

“சிவப்பு லைட்டு தெரியுதுல்ல?”

“தெரியுதும்மா.”

அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. நேற்று மத்தியானம் பேயாண்டி எப்படிச் சொன்னார்? ‘தெரியுது தாயி’ என்று சொன்னார், சரி. எப்போது சொன்னார்? நாடியைத் தாங்கியில் வைப்பதற்கு முன்பே சொன்னார். நெற்றி இன்னும் பட்டையில் படவில்லை, மெஷின் கண்ணுக்கு நேரே வரவில்லை, மனிதர் ‘நல்லாத் தெரியுது, நல்லாத் தெரியுது’ என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். அவளும் சரி என்று அளந்தாள். முதல் இரண்டு தடவை மெஷின் அளவே கொடுக்கவில்லை. மூன்றாவது தடவை கொடுத்தது, கொடுத்தபோது திரையின் ஓரத்தில் ஒரு மஞ்சள் குறியையும் சேர்த்துக் கொடுத்தது. மஞ்சள் என்றால் ‘எதற்கும் இன்னொரு தரம் பார்த்துக்கொள்’ என்று அர்த்தம். வெளியே நாற்பத்தாறு பேர், பசி நேரம், ஏ.சி. வேறு வேலை செய்யவில்லை. அவள் கையெழுத்தைப் போட்டுத் தாளை மடித்துவிட்டாள்.

இது ஒன்றும் கொலைக் குற்றம் இல்லை என்று அவள் தனக்கே சொல்லிப் பார்த்தாள். முற்றின புரைக்கு மஞ்சள் குறி வருவது உண்டுதான். டாக்டர் ஒன்றும் முட்டாள் இல்லை. இப்போது போய் வாயைத் திறந்தால், ‘ஆமா சார்’ என்று சொல்லி இன்னும் அரைமணி ஆகவில்லையே, அதுக்குள்ள என்ன என்று கேட்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்? அடுத்த மூன்று பேரை எப்படியோ அளந்து முடித்தாள்.

அடுத்த ஆளைக் கூப்பிட வெளியே வந்தபோது ஒரு அம்மாள் எழுந்து வழியை மறித்தாள். பேயாண்டியின் பெண்சாதி முனியாயி. மஞ்சள் பை ஒன்றை நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

“தாயி, எங்க வீட்டுக்காரர உள்ள கூட்டிப் போயிட்டாக. பத்து நாளுல வேலைக்குப் போயிரலாமா? ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரு. வண்டி போர்டப் பாத்து நேரம் எழுதணும், விசில் அடிச்சு எடுக்கச் சொல்லணும். பஸ் முதலாளிக சங்கத்துல பத்து நாளுதான் கெடு குடுத்துருக்காக. பதினோராம் நாளு வந்து தூரத்துலேர்ந்து போர்ட வாசிச்சுக் காட்டு, இல்லேன்னா வேற ஆளப் போட்டுருவோம்னு சொல்லிட்டாக.”

லென்ஸ் பவர் தப்பினால் கண்ணாடி போட்டுச் சரிக்கட்டிக்கொள்ளலாம், உண்மைதான். ஆனால் புண் ஆறிக் கண்ணாடி எழுதித் தர ஆறு வாரம் ஆகும். இன்னொரு கண் இருந்தால் அதுவரைக்கும் அதை வைத்து ஓட்டலாம். இவருக்கு ஏது இன்னொரு கண்?

“இம்புட்டு நாளு எப்படிம்மா வேல பாத்தாரு?”

“இஞ்சின் சத்தத்த வச்சே எந்த வண்டின்னு சொல்லிருவாரு. அப்படியே ஒரு வருசத்த ஓட்டிட்டாரு. போன மாசம் ரெண்டு வண்டிய மாத்தி எழுதி மாட்டிக்கிட்டாரு.” முனியாயி குரலைத் தாழ்த்தினாள். “வீட்டுலயும் அப்படித்தான். சோத்தத் தடவித்தான் எடுப்பாரு. கேட்டா எல்லாம் தெரியுதும்பாரு. தலகீழா நின்னாலும் அவரு வாயிலேர்ந்து ‘தெரியல’ன்னு ஒரு வார்த்தைய வாங்க முடியாது தாயி.”

நாகஜோதி கையிலிருந்த சீட்டைப் பெஞ்சிலேயே வைத்துவிட்டு நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள். பேயாண்டி உள்ளே போய்விட்டார் என்றால் அடுத்தது மரப்பு ஊசி. கண்ணைச் சுற்றி ஊசியைப் போட்டுவிட்டால் அன்றைக்கு அந்தக் கண் அசையாது, எதையும் உற்றுப் பார்க்காது. அதற்கப்புறம் அளந்து சரிபார்ப்பது என்ற பேச்சே கிடையாது.

ஊசி போடும் அறைக்கதவில் சிஸ்டர் கனகலட்சுமி கையை நீட்டித் தடுத்தாள்.

“எங்க வர்ற? செருப்பக் கழட்டு மொதல்ல. டாக்டர் அஞ்சு நிமிசத்துல வந்துருவாரு.”

“ஒரே நிமிசம் சிஸ்டர். பேயாண்டியப் பாக்கணும்.”

“பாக்குறதுக்கு அவரு என்ன மாப்பிள்ளையா? எல்லாம் நேத்தே பாத்தாச்சுல்ல?”

“சிஸ்டர், ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன்.”

அவள் குரலில் என்ன இருந்ததோ, கனகலட்சுமி கையை இறக்கினாள்.

உள்ளே பச்சை அங்கியும் தலையில் துணித் தொப்பியுமாக மூன்று பேர் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பேயாண்டி. சட்டையைக் கழற்றினாலும் மணிக்கட்டில் வாட்சைக் கழற்ற மாட்டேன் என்று சண்டை போட்டிருப்பார் போல, அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார். திருப்பின முகம் நாகஜோதிக்கு ஓர் அடி தள்ளிச் சுவரைப் பார்த்தது.

அவள் தட்டிலிருந்த டார்ச்சை எடுத்தாள். பொத்தானை அழுத்தவில்லை. அணைந்த டார்ச்சை அவருடைய வலது கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

“அய்யா, லைட்டு தெரியுதா?”

“தெரியுது தாயி.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“நல்லாத் தெரியுது. செவப்பா, பளிச்சுன்னு தெரியுது.”

கனகலட்சுமி “அடியாத்தே” என்று வாயைப் பொத்தினாள். பக்கத்தில் இருந்தவர் கழுத்தை நீட்டி டார்ச்சைப் பார்த்தார், பிறகு பேயாண்டியைப் பார்த்தார். நாகஜோதிக்குக் கோபம் வந்ததா அழுகை வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

“அய்யா, நான் டார்ச்சே அடிக்கல.”

பேயாண்டியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு தலை குனிந்தது.

“நேத்தும் இப்படித்தானா? மெஷினுக்குள்ள சிவப்பு லைட்டு தெரியலையா?”

“வெளிச்சம்னு என்னமோ இருந்துச்சு. எல்லாப் பக்கமும் பொகையாட்டம் இருந்துச்சு. எதுல செவப்பு, எது எந்தப் பக்கம்னு எனக்குப் பிடிபடல.” சட்டென்று அவள் கை இருக்கும் திசையில் காற்றைத் துழாவி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “டாக்டருகிட்ட சொல்லிராத தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

“ஏய்யா சொல்லக் கூடாது?”

“சொன்னா அனுப்பிப்புடுவாக. எடது கண்ணுக்கு அப்படித்தான் ஆச்சு. வேற ஊரு ஆஸ்பத்திரியில லைட்ட அடிச்சுத் தெரியுதான்னு கேட்டாக. நான் கூறுகெட்டவன், உள்ளதச் சொன்னேன், தெரியலைன்னேன். இனி ஆபரேஷன் பண்ணிப் பிரயோசனமில்ல, வீட்டுக்குப் போன்னுட்டாக. அன்னிக்குத் தெரியுதுன்னு சொல்லியிருந்தா அந்தக் கண்ணு இருந்திருக்கும்ல? இது ஒண்ணுதான் தாயி மிச்சம். இதையும் வேணாம்னுட்டா நான் எங்க போவேன்?”

பொல்லாத ஆஸ்பத்திரிகளும் பொல்லாத கேள்விகளும் ஒரு மனிதனை என்னவெல்லாம் கற்றுக்கொள்ள வைக்கின்றன, பாருங்கள். இவர் பொய் சொல்கிறவர் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், சுலபம். ஆனால் ‘தெரியுதுல்ல?’ என்று பதிலையும் சேர்த்து ஊட்டிவிட்டது யார்? நாகஜோதி அந்தப் பிடியை உதறவில்லை. உதற மனம் வரவில்லை. அவர் விரல்கள் சில்லென்று இருந்தன.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? மனுஷன் கேட்டபடி ஆபரேஷன் நடக்கும். புது மெஷின் ஜெயித்ததாகவே இருக்கும். எஸ்தர் முகாமுக்குப் போவாள். பதினோராம் நாள் இவர் ஆரப்பாளையத்தில் நின்றுகொண்டு, போர்டு தெரியாமல், ‘தெரியுது தெரியுது’ என்று சொல்லிக்கொண்டிருப்பார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

“அய்யா, மன்னிச்சுக்கங்க. நான் சொல்லித்தான் ஆகணும்.”

“தாயி!”

“அனுப்ப மாட்டாக. நான் அனுப்ப விட மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். எந்தத் தைரியத்தில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. டாக்டர் கிருபாகரனை எதிர்த்து ஒரு வார்த்தை அதுவரை அவள் பேசியதில்லை.

கதவு திறந்தது. டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு, முழங்கையால் கதவைத் தள்ளி உள்ளே வந்தார். பின்னாலேயே ஊசித் தட்டு.

“இவ இங்க என்ன பண்றா?”

“சார், நேத்து அளவு தப்பு” என்றாள் நாகஜோதி. சுற்றி வளைக்க அவளுக்கு நேரமில்லை. “இவரு லைட்டப் பாக்கல. தெரியாமலே தெரியுதுன்னு சொல்லிருக்காரு. நான் சரிபாக்கல. மூணாவது தடவதான் அளவு வந்துச்சு, மஞ்சக் குறி இருந்துச்சு. அதையும் ஒங்ககிட்ட சொல்லல.”

டாக்டர் சிவந்த முகத்தோடு அவளையே பார்த்தார்.

“ஒம்போதரைக்கு ‘ஆமா சார்’னு சொன்னியே, அது என்ன?”

“தப்புதான் சார்.”

“தப்புன்னு சொல்லிட்டாப் போச்சா? இன்னும் ரெண்டு நிமிசத்துல ஊசியப் போட்டிருப்பேன். தொண்ணூத்தேழு பேருகிட்டயும் இப்படித்தான் கேட்டியா? தெரியுதுல்லன்னு?”

“ஆமா சார்.”

“அப்ப தொண்ணூத்தேழும் குப்ப. நாலு மாச வேல. எல்லாரையும் திரும்பக் கூப்புடணும், இல்ல மூட்ட கட்டிப் பரண்ல போடணும். ஒனக்கு இது வெளங்குதா?”

விளங்கியது. வேலை போனாலும் போகும் என்றும் விளங்கியது. கண்ணில் நீர் முட்டியது, அவள் துடைக்கவில்லை. இதற்குள் பேயாண்டி எழுந்து நின்றுவிட்டார். டாக்டர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் மருந்து அலமாரியைப் பார்த்துக் கும்பிட்டார்.

“அய்யா, இந்தப் புள்ளையத் திட்டாதீக. தப்பு எம்மேல. ஆபரேஷன் வேணாம்னு மட்டும் சொல்லிப்புடாதீக.”

டாக்டர் நாகஜோதி கையிலிருந்த டார்ச்சை வெடுக்கென்று பிடுங்கினார். இந்த முறை பொத்தானை அழுத்தி, மேலே, கீழே, வலம், இடம் என்று மாற்றி மாற்றி அடித்தார். ‘தெரியுதா’ என்று கேட்கவில்லை. ‘எந்தப் பக்கம், கையக் காட்டுங்க’ என்றார். பேயாண்டி நாலு பக்கமும் சரியாகக் கையைக் காட்டினார்.

“பெரியவரே, ஒக்காருங்க. நரம்பு நல்லாருக்கு. பொகையாட்டம் வெளிச்சம் தெரிஞ்சாலே ஆபரேஷன் பண்ணலாம்யா. செவப்பு தெரியணும், பச்ச தெரியணும்னு எவன் சொன்னான்? எங்கிட்ட நெசத்தச் சொல்லியிருந்தா நேத்தே வேற மாதிரி அளந்திருப்பேன்.”

பேயாண்டி உட்கார்ந்தார். ஒரு வருஷம் கட்டிக்காத்த பொய் தேவையே இல்லாத பொய் என்று தெரிந்தால் மனுஷனுக்கு எப்படி இருக்கும்? அவர் பிளாஸ்டர் ஒட்டிய வாட்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

“எஸ்தரக் கூப்புடு” என்றார் டாக்டர்.

பி-ஸ்கேன் என்று இன்னொன்று இருக்கிறது. அது கண்ணின் உள்ளே இருப்பதைப் படமாகவே திரையில் காட்டும். அதில் கண் நரம்பு உள்ளே நுழைகிற இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து நாலரை மில்லிமீட்டர் வெளிப்பக்கமாகத் தள்ளிப் போனால் பார்வை இருக்கிற இடம். அதுவரைக்கும் அளந்தால் ஆள் எதையும் உற்றுப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பிடிக்கிற கை அசையக் கூடாது. எஸ்தர் வந்தாள். நாகஜோதியை ஒரு பார்வை பார்த்தாள், நல்ல பார்வை இல்லை அது. மூடிய இமைமேல் பசையைத் தடவிக் குச்சியை வைத்தாள்.

“ஒம்போதரைக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“சொல்லியிருக்கணும்க்கா.”

“அவ ஒருத்தி மட்டுந்தான் சார் தப்பு பண்ணுனாளா? நீங்களும் ‘லைட்டத்தானே பாத்தாரு’ன்னுதானே கேட்டீங்க” என்றாள் எஸ்தர் டாக்டரிடம்.

டாக்டர் திரையைக் காட்டினார். “இன்னும் கொஞ்சம் கீழ. அந்தா நரம்பு. நிறுத்து. அங்கேர்ந்து வெளிய வா.”

ஐந்து முறை அளந்தார்கள். பத்தரை தாண்டி, பதினொன்றாகிவிட்டது. வெளியே முனியாயி யாரிடமோ ‘என்ன ஆச்சு, ஏன் இம்புட்டு நேரம்’ என்று கேட்பது கேட்டது. ஐந்து முறையும் கிட்டத்தட்ட ஒரே எண் வந்தது. இருபத்தெட்டு புள்ளி ஒன்பது.

எஸ்தருடையதும் இல்லை, நாகஜோதியுடையதும் இல்லை. இரண்டு மெஷினும் இரண்டு பக்கமாகப் பொய் சொல்லியிருந்தன. காலையில் எடுத்துவைத்த லென்ஸ் திரும்பிப் போனது. கணக்கைப் புதிதாகப் போட்டு அலமாரியில் தேடினார்கள், அந்தப் பவரில் ஒன்றே ஒன்று இருந்தது. டாக்டர் பெட்டியின்மேல் இருந்த எண்ணைத் தானே இரண்டு தரம் சத்தமாகப் படித்தார். அப்புறம்தான் ஊசி போட்டார்.

ஆபரேஷன் சிக்கலில்லாமல் முடிந்தது. ஆனால் முடிந்தது என்றால் என்ன? லென்ஸ் உள்ளே போய்விட்டது, அம்புட்டுதான். இருபத்தெட்டு புள்ளி ஒன்பது என்பதும் மனுஷக் கை அளந்த அளவுதானே. அதுவும் தவறியிருந்தால்? நாகஜோதி அன்றைக்கு மீதி நோயாளிகளிடம் ‘லைட்டு எங்க இருக்கு, என்ன நெறம், நீங்களே சொல்லுங்க’ என்று கேட்டாள். ஆளுக்கு ஐந்து நிமிஷம் கூடியது, பெஞ்சிலிருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். சாயங்காலம் டாக்டர் அறையைத் தாண்டும்போது அவர் கூப்பிடவில்லை. கூப்பிட்டுத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் எட்டு மணிக்குக் கட்டுப் பிரித்தார்கள். வார்டில் பேயாண்டி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர், எஸ்தர், கனகலட்சுமி, சற்றுப் பின்னால் நாகஜோதி. கனகலட்சுமி பிளாஸ்டரை மெல்ல உரித்துப் பஞ்சை எடுத்தாள். கண்ணைச் சுற்றித் துடைத்தாள். பேயாண்டி இமைகளைக் கூசிக் கூசித் திறந்தார்.

“எப்படி இருக்கு பெரியவரே?”

“தெரியுது சார்.”

நேற்றைக்குச் சொன்ன அதே குரல், அதே வேகம். நாகஜோதி ஓர் அடி முன்னால் வந்தாள். இந்த மனுஷனிடம் இந்த ஒரு வார்த்தையை எப்படி நம்புவது? எஸ்தரும் நம்பவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன தெரியுது? பாத்துச் சொல்லுங்க.”

“எல்லாந்தான் தெரியுது சார்.”

டாக்டர் பெருமூச்சு விட்டார். எழுத்துப் பலகையை எடுத்து வரச் சொல்லிக் கனகலட்சுமியைப் பார்த்தார். அந்தச் சமயம் முனியாயி ப்ளாஸ்க்கோடு வார்டு வாசலில் வந்து நின்றாள். கட்டிலிலிருந்து வாசல் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கும். டாக்டர் நிற்பதைக் கண்டு உள்ளே வரத் தயங்கி, அங்கேயே நின்று, விலகியிருந்த முந்தானையைச் சரிசெய்ய இடது கையைத் தூக்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

பேயாண்டியின் கண் வாசலுக்குப் போனது. போய் அங்கேயே நின்றது.

“ஏத்தா, கையில என்ன அது?”

“எது?” என்றாள் முனியாயி.

“அந்தா, முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும். தோலெல்லாம் சுருங்கி, வெளுத்துப்போயிக் கெடக்கு. எப்ப ஆச்சு இது?”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருந்தது. பழைய சூட்டுக் காயம், அகலமாக, வழவழவென்று. நேற்று அந்த அம்மாளோடு எதிரெதிரே நின்று பேசின நாகஜோதி அதைக் கவனிக்கவில்லை. டாக்டர் கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் கண்ணால் அளந்தார். எஸ்தரின் கை வந்து நாகஜோதியின் தோளை அழுத்திப் பிடித்தது.

“போன ஆடியில” என்றாள் முனியாயி. “வடிகஞ்சி கொட்டிருச்சு.”

“ஆடியிலயா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?”

“சொல்லாம? கொட்டுன அன்னிக்கே ஒங்க மொகத்துக்கு நேரா நீட்டிக் காட்டுனேன். ‘பாத்துட்டேன், பாத்துட்டேன், ஒண்ணுமில்ல, லேசாத்தான் பட்டிருக்கு, தேங்காண்ணெயத் தடவு’ன்னுட்டு வேலைக்குக் கெளம்பிட்டீக.”

பேயாண்டி எழுந்தார். சிஸ்டர் “ஒக்காருங்க, ஒக்காருங்க” என்று சொல்வதைக் காதில் வாங்காமல், கட்டில் கம்பியைத் தடவாமல், நேராக வாசலுக்கு நடந்து போய் அந்தக் கையைப் பிடித்தார். முழங்கையிலிருந்து கீழே மெதுவாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“ரொம்ப வலிச்சுச்சா?”

“வலிக்காம?” என்றாள் முனியாயி.